கொம்பு கழற்றிய மிளா

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்று "செல்லப்பா" என்று ஒரு சத்தம் கொடுத்தால் நாலைந்து பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஊர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வட்டப்பெயர் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. பூக்கடைச் செல்லப்பா, தறிச் செல்லப்பா, வாத்தியார் செல்லப்பா. வாத்தியார் செல்லப்பா வாத்தியார் இல்லை. பத்தாம் வகுப்பைத் திரும்பத் திரும்ப எழுதியவர். இந்த வரிசையில் மரவேலை செய்கிற செல்லப்பாவுக்கு வாய்த்த பெயர் 'கக்கூஸ் கதவு'.

வாலிப வயதில் அவர் தனியாகப் பிடித்த முதல் வேலை ஒரு கல்யாண மண்டபத்தின் கதவுகள். மண்டபத்துக்காரர் வாங்கிப் போட்டது ஈரம் காயாத மரம். மழைக்காலத்தில் நடந்த முதல் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமன் முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொல்லைப் பக்கம் போனார். கதவு ஊதி நிலையோடு இறுகிக்கொண்டது. அவர் உள்ளேயிருந்து இடித்தார். அந்த நேரம் பார்த்து இங்கே கெட்டிமேளம். மேளத்தில் இடி கேட்கவில்லை. தாலி ஏறி, அட்சதை விழுந்து, முதல் பந்தி உட்கார்ந்த பிறகுதான் மாமனைத் தேடினார்கள். வெளியே வந்த மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "எவம்லே இந்தக் கதவச் செஞ்சவன்?" யாரோ பெயரைச் சொன்னார்கள். அதோடு சரி.

அதற்குப் பிறகு செல்லப்பா செய்து மாட்டிய கதவுகளை வரிசையாக நிறுத்தினால் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போகும். எல்லாம் விரல் வைத்துத் தள்ளினால் திறந்து, விட்டால் சாத்திக்கொள்கிற கதவுகள். ஒழுங்காகச் சாத்துகிற கதவைப் பற்றி யார் வாய் திறந்து பேசுகிறார்கள்? மகளைக் கட்டிக்கொடுத்தபோது சம்பந்தி வீட்டார் விசாரித்துக்கொண்டு வந்ததுகூட "கக்கூஸ் கதவு வீடு எங்கன இருக்கு?" என்றுதான்.

இந்தப் பெயரைக் கழுவ வழி ஒன்று போனில் வந்தது. எந்த நாட்டுக்காரனோ ஒருத்தன் மிஷினை வைத்துப் பெரிய கட்டையைச் செதுக்கி ஓநாய்த் தலையாக்குவதை அவர் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார். கை காய்ந்துபோனது. கடையநல்லூரில் துபாயிலிருந்து ஒரேயடியாக வந்துவிட்ட ஒருத்தரிடம் செயின் வாளும் இரண்டு கிரைண்டரும் பழைய சாமான் விலைக்குக் கிடைத்தன. முதலில் தெரு நாயைப் பிடித்து ரொட்டியைக் கொடுத்து, அதன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்து ஒரு நாய்த்தலை செய்து கடை வாசலில் வைத்தார். அந்தப் பக்கம் போகிற நாய்கள் எல்லாம் நின்று குரைத்துவிட்டுப் போயின. அது போதாதா? மறுவாரமே கடைக்கு மேலே பலகை ஏறியது: 'சிற்பி செல்லப்பா'.

அவர் மனைவி எப்சிபா இடுப்பில் கைவைத்துப் பலகையைப் பார்த்தாள்.

"ஏங்க, பலகையில பேர மாத்திட்டிய. ஊரு வாய என்ன செய்யப் போறிய?"

"பொறுத்துப் பாரு ட்டி. ஒரு வேல. ஒரே ஒரு வேல ஊரு பாக்குத மாதிரி அமைஞ்சிட்டா, ஒருத்தன் அந்தப் பேரச் சொல்ல மாட்டான்."

"நாயி பாத்துட்டு. இனி ஊருதான பாக்கணும்" என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

அந்த ஒரு வேலை ராஜதுரை உருவத்தில் வந்தது. ராஜதுரை விசைத்தறி முதலாளி. துண்டும் லுங்கியும் வெளியூருக்கு லாரியில் அனுப்புகிறவர். புது வீடு கட்டி முடிக்கிற நேரம். அவர் தகப்பனார் செல்லச்சாமி, சந்தை சந்தையாகப் போய் ஆடு பிடித்து வந்து வெட்டி விற்றவர். அவருடைய தகப்பனாருக்கும் அதே தொழில். ராஜதுரைக்கு இது நினைவில்லை. பெரிய மனிதர்களோடு பழகப் பழக அவருக்கு நினைவு மெலிந்துகொண்டே வந்து, அந்த இடத்தில் வேறொன்று முளைத்திருந்தது.

"எங்க தாத்தா பெரிய வேட்டைக்காரரு வே" என்றார் கடை பெஞ்சில் உட்கார்ந்து. "மேக்க மலையில ஒரு மிளாவச் சுட்டாரு. கொம்பு இந்தா, இவ்வளவு அகலம். அந்தத் தலைய அப்பமே காட்டிலாகாவுல ஒப்படைச்சாச்சு. அதே மாதிரி ஒண்ணு மரத்துல வேணும். புது வீட்டு ஹால்ல, சோபாவுக்கு மேல. பாக்குதவனுக்கு உசுரோட இருக்குத மாதிரி தெரியணும்."

மலைமானைத்தான் இந்தப் பக்கம் மிளா என்பார்கள். செல்லப்பா தலையைச் சொறிந்தார்.

"செஞ்சிருவோம் அண்ணாச்சி. எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும். பால்காய்ப்பு அன்னைக்கு, எல்லாரும் இருக்கும்போது, இது சிற்பி செல்லப்பா செஞ்சதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

"ஒரு வார்த்த என்ன வே, மைக்லயே சொல்லுதேன். கொழா ஸ்பீக்கர் கட்டுதோம்லா?"

செல்லப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

வாகை மரம் எடுத்தார். உள்ளே கறுத்த வைரம், வெளியே வெளுத்த மேல்மரம். செயின் வாளால் கட்டையை நாலு பக்கமும் உடைத்து, மூக்குப் பக்கம் ஒடுக்கி, கழுத்துப் பக்கம் அகலம் விட்டார். பிறகு கிரைண்டரில் பல் வைத்த தட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். மூக்கிலும் வாயிலும் துண்டைக் கட்டிக்கொண்டு, தூள் பறக்க அவர் நிற்பதைப் பார்த்தால் மாவு மில்லில் தீப்பிடித்தது போல இருக்கும். சத்தத்துக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. தெரு முழுக்கத் தறிகள் ஓடுகிற ஊரில் ஒரு கிரைண்டர் சத்தம் எந்த மூலைக்கு?

முகவெட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. செல்லப்பா வேலை செய்கிற முறை அப்படி. கண்ணால் பார்த்ததை அவர் கை நம்பாது. இடது கையால் அசலைத் தடவ வேண்டும், அந்த மேடு பள்ளம் உள்ளங்கையில் இருக்கும்போதே வந்து மிஷினைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் செதுக்கியதும் மிஷினை அணைத்துவிட்டுக் கட்டையைத் தடவிச் சரிபார்க்க வேண்டும். நாய்க்கு நாய் இருந்தது. மிளாவுக்கு எங்கே போவார்? போனில் படம் இருந்தது. தடவினால் மிளா பெரிதானது, இன்னொரு தடவை தடவினால் சிறிதானது. கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

அவர் கடையை ஒட்டியது சைஃபுல்லாவின் கறிக்கடை. கடையநல்லூர்க்காரர், பேச்சுக்குக் காசு வாங்காதவர். அவர்தான் வழி சொன்னார்.

"இதுக்கா வே மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீரு? மிளாவும் தழையத் திங்குது, ஆடும் தழையத் திங்குது. அதுக்கும் கொளம்பு பிளந்திருக்கு, இதுக்கும் பிளந்திருக்கு. ரெண்டுக்கும் அசை போடுத வாய். கொம்புலதான வித்தியாசம்? கொம்ப நீரு தனியாத்தான மாட்டப் போறீரு?"

"அதும் நெசந்தான்."

"கொல்லையில நாலு பேரு கட்டிக் கெடக்காவ. போயித் தடவும். ஒருத்தரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாவ."

அன்றிலிருந்து செல்லப்பா காலையில் கறிக்கடைக் கொல்லைக்குப் போவார். ஒரு ஆட்டின் கழுத்தைக் கவட்டைக்குள் இடுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். கன்னத்து எலும்பு, கண்ணுக்குக் கீழே விழுகிற குழி, மூக்கு ஈரத்தில் முடிகிற இடம், தாடை அசைகிறபோது காதுக்கு முன்னால் துடிக்கிற மேடு. எல்லாம் கையில் ஏறியதும் ஒரு வார்த்தை பேசாமல், எதிரே வந்தவர்களுக்குப் பதில் சொல்லாமல், விரித்த கையோடு கடைக்கு ஓடுவார். கை நிறையத் தண்ணீர் கொண்டுபோகிறவன் போல இருக்கும்.

சங்கடம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆள் மாறிவிடும். இடது காது ஒரு ஆட்டினுடையது, வலது காது மறுவாரத்து ஆட்டினுடையது. மூக்குத் துவாரத்துக்கு இருந்தவர் முடியுமுன்னே பிரியாணிக்குப் போய்விட்டார். ஆனால் எல்லாம் ஒரே சாதி ஆடு. இந்தப் பக்கத்துக் கன்னி ஆடு. கறுத்த உடம்பு, முகத்தில் மட்டும் கண்ணிலிருந்து வாய் வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. ஆட்டுக்காரர்கள் பால்கன்னி என்பார்கள். வாகைக் கட்டையில் வெளுத்த மேல்மரம் அதே இடத்தில் கோடாக நின்றது. அழகாக இருந்ததால் செல்லப்பா அதைச் சீவாமல் விட்டுவிட்டார். தாடி மட்டும் வைக்கவில்லை. மிளாவுக்குத் தாடி கிடையாது என்கிற அளவுக்கு அவருக்கு விவரம் இருந்தது.

சின்ன கிரைண்டரில் வேப்பங்கொட்டை மாதிரி முனையை மாட்டிக் கண்ணிமை, மூக்குத் துவாரம், லேசாகத் திறந்த வாயில் கீழ்ப்பல் எல்லாம் எடுத்தார். கம்பி பிரஷால் முடி ஓடுகிற பக்கமாகக் கீறல் கொடுத்தார். உப்புத்தாள் போட்டு மெழுகு தேய்த்தார். கிளை கிளையாகப் பிரிந்த கொய்யாக் கொம்புகள் இரண்டைப் பார்த்து வெட்டி, நெருப்பில் வாட்டி, மண்டையில் துளையிட்டுக் கழற்றி மாட்டுகிற மாதிரி செருகினார். கொம்போடு அது லோடு ஆட்டோவில் ஏறாது.

கொம்பை மாட்டியதும் அது மிளாதான். யாரும் குறை சொல்ல முடியாது. கண் இரண்டும் ஈரமாக இருப்பது போல, இப்போது அசை போட்டு இப்போது நிறுத்தியது போல இருந்தது. எப்சிபாவே வாயைப் பிளந்துவிட்டாள்.

"மானேதாங்க. கர்த்தரே, என்னமா பாக்குது!" கொஞ்சம் நின்று, "எங்கேயோ பாத்த மூஞ்சியா இருக்கு" என்றாள்.

"நல்ல வேலைன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் செல்லப்பா.

பால்காய்ப்பு அன்று விடிய, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லோடு ஆட்டோவில் தலையோடு போய் இறங்கினார். வாசலில் வாழைமரம், தெரு முனை வரைக்கும் குழாய் ஸ்பீக்கர். ஹாலுக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். அவர் அளவெடுத்த சமயத்தில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. கூரைக்குக் கீழே வெள்ளை வெளேரென்று இன்னொரு கூரை. கலர் லைட் போடுவதற்காக ஒரு முழத்துக்குமேல் இறக்கி ஃபால்ஸ் சீலிங் அடித்திருந்தார்கள்.

தலையை ஆணியில் மாட்டினார். கொம்பைச் செருகப் போனார். கொம்பு சீலிங்கில் முட்டியது. ஆணியைக் கீழே இறக்கலாம் என்றால், சோபாவில் உட்காருகிறவன் எழுந்திருக்கும்போது மிளாவின் தாடையில் மண்டை இடிக்கும். ராஜதுரை பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன வே இது? ஆளு வர ஆரம்பிச்சாச்சு."

"சீலிங்க இறக்குனத ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா அண்ணாச்சி?"

"கொம்பக் கழத்தும்."

"கொம்பு இல்லாம மிளாவா?"

"பொட்ட மிளாவுக்குக் கொம்பு கெடையாதுல்லா. பொட்ட மிளான்னு சொல்லிக்கிடுதேன்."

"ஒங்க தாத்தா பொட்டையவா சுட்டாரு?"

"இருட்டுல சுட்டாரு வே! கழத்தும்!"

கழற்றினார். மண்டையில் இரண்டு துளை. துளையோடு விட்டுவிட்டு வர அவர் கைக்கு மனசில்லை. தொழில் தெரிந்தவனுக்கு ஓட்டை என்றால் அடைத்தாக வேண்டும். பையில் கிடந்த வாகைத் துண்டில் இரண்டு முளை சீவி, அடித்து இறக்கி, வெளியே நீட்டிய நுனியைக் கிரைண்டரால் உருட்டி விட்டார். வேலை சுத்தம். நாற்காலியிலிருந்து இறங்கி, நாலடி பின்னால் வந்து பார்த்தார்.

சைஃபுல்லா கடைக் கொல்லையில் கட்டிக் கிடந்த அத்தனை பேரும் ஒரே முகமாகச் சேர்ந்து, இப்போதுதான் கொம்பு முளைக்கிற கிடாவாகச் சுவரிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்லிவிடலாம். 'அண்ணாச்சி, இது சரியா வரல, இறக்கிருதேன்' என்று ஒரு வார்த்தை. ஆனால் மைக்செட்காரன் "ஹலோ, ஹலோ" என்று ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குழாய் வழியாக 'சிற்பி செல்லப்பா' என்று ஒரே ஒரு தடவை போய்விட்டால் போதும். வந்தவர்கள் பந்தியைப் பார்ப்பார்களா, சுவரைப் பார்ப்பார்களா? செல்லப்பா வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றார்.

பால் பொங்கியது. ஹாலில் ஆள் நிறைந்தது. ராஜதுரை மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம். இங்கன நீங்க பாக்குத இந்த மிளா, எங்க தாத்தா மேக்க மலையில வேட்டைக்குப் போனப்ப சுட்டதோட நகல். இதச் செஞ்சது..."

"எதுலே மிளா?"

கேட்டவர் பெருமாள்சாமி. ராஜதுரைக்குச் சொந்தத் தாய்மாமன், பனவடலிசத்திரத்தில் ஆட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசி முடித்துவிடுகிற மனுஷன். அவர் யாரையும் கேட்காமல் புது சோபாவில் ஏறி நின்று, ஆட்டுக்காரன் பழக்கத்தில் பெருவிரலை வாய்க்குள் விட்டுப் பல்லைப் பார்த்தார்.

"ஏலே ராசதொர, பால்கன்னில்லாலே இது! ரெண்டு பல்லு போட்ட கெடா. நல்ல தீனி தின்ன கெடா. இத எதுக்குலே உங்க தாத்தா சுட்டாரு? கயித்துல கட்டித்தான கெடந்திருக்கும்?"

சிரிப்பு ஹாலில் தொடங்கி வாசலுக்குப் போனது. மைக் ராஜதுரை கையில் திறந்தே இருந்ததால் பெருமாள்சாமி சொன்னது தெரு முனையிலிருந்தும் ஒரு தடவை கேட்டது.

"மாமா, அது பொட்ட மிளா."

"பொட்ட மிளாவுக்கு இது என்னலே, உச்சியில முட்டிக்கிட்டு நிக்குது? அதெல்லாம் கெடக்கட்டும், உங்க தாத்தாவுக்குத் துப்பாக்கி ஏதுலே? கத்திதான இருந்துச்சு?"

ராஜதுரைக்கு முகம் கருத்தது. மாமனை ஒன்றும் சொல்ல முடியாது. சுற்றிப் பார்த்தார். ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் செல்லப்பா.

"எல்லாம் இந்தக் கக்கூஸ் கதவுகிட்டப் போயி வேலையக் குடுத்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்!"

குழாய் அதையும் தெருவுக்குச் சொன்னது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறந்துபோயிருந்த இரண்டொரு பேருக்கும் அன்றைக்கு ஞாபகம் வந்தது.

"இறக்கும் வே அத!" என்றார் ராஜதுரை. செல்லப்பா நாற்காலியை இழுத்தார். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜதுரையின் தாயார் கோமதியம்மாள் வந்துவிட்டாள். கையில் குங்குமச் சிமிழ். பால் காய்ச்சிய அடுப்புக்குப் பொட்டு வைத்த கை.

"யாரும் தொடாதிய. ஏலே, உங்க அப்பா மொத மொத சந்தையில பிடிச்சிட்டு வந்த கெடாவுக்கு இதே மூஞ்சிதாம்லே. அது வந்த நேரந்தான் நம்ம வீட்டுல அடுப்பு அணையல. எம்மா, என்னமா பாக்குது! ஏ அண்ணே, என்னப் பிடி."

பெருமாள்சாமி தங்கச்சியைச் சோபாவில் தூக்கி நிறுத்தினார். அவள் கிடாவின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டை வைத்தாள். கன்னத்தைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அதோடு முடிந்தது. பால்காய்ப்பு அன்றைக்குப் பொட்டு வைத்ததைச் சுவரிலிருந்து இறக்க எந்த மகனுக்கும் தைரியம் வராது, வீட்டுக்கு ஆகாது. ராஜதுரை மைக்கை மைக்செட்காரனிடம் கொடுத்துவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனார். சாப்பிட உட்கார்ந்த செல்லப்பாவுக்கு இலை போட்டவன் கேட்டான், "அண்ணாச்சி, கை கழுவுத எடத்துல கதவு சரியாத் தொறக்கும்லா?"

அந்த ஊர் ஒரு வட்டப்பெயர் வைக்க வாரக்கணக்கில் யோசிப்பதில்லை. சாயங்காலத்துக்குள் அந்த வீடு 'ஆட்டுத்தல வீடு' ஆகிவிட்டது. ராஜதுரை, ஆட்டுத்தல ராஜதுரை. செல்லப்பா அன்றைக்குப் பயந்ததெல்லாம் இந்தப் பெயர் தன்மேல் விழுந்துவிடுமோ என்றுதான். இரண்டு மூன்று நாள் போனபின், இது விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லையே என்று தோன்றியது. பழையது போயிருக்குமே.

"ஒண்ணு கேக்கேன் வே" என்றார் சைஃபுல்லா, கத்தியைத் தீட்டிக்கொண்டே. "கட முன்னால மாட்ட எனக்கும் ஒரு மிளாத் தல செஞ்சு தாரும். அப்பத்தான் ஆடு நல்லா வரும்."

செல்லப்பா மறுபடி கதவுக்குப் போனார். 'சிற்பி' பலகையை இறக்கவில்லை; இறக்கினால் அதற்கு ஒரு கதை உண்டாக்குவார்கள். கொய்யாக் கொம்பு இரண்டையும் எப்சிபா கொல்லையில் நட்டுத் துணி காயப் போட்டாள்.

மழை தொடங்கிய மாசத்தில் ராஜதுரையிடமிருந்து போன் வந்தது. குரல் ரொம்ப மெலிந்திருந்தது.

"செல்லப்பா, கீழ பாத்ரூம் கதவு நெலையில இறுக்குது வே. சாத்துனா தொறக்க முடியல. வேற ஆளு செஞ்சதுதான். கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போரும்."

மழையில் சைக்கிள் வேண்டாம் என்று ஆட்டோ ஏறினார். "ராஜதுரை அண்ணாச்சி வீடு" என்றார்.

"எந்த ராஜதொர?"

செல்லப்பா வெளியே பார்த்தார். பிறகு சொன்னார், "ஆட்டுத்தல வீடு."

"அப்படிச் சொல்லுங்க" என்று வண்டியை எடுத்தான் டிரைவர். "அந்தத் தலைய நேர்ல பாத்திருக்கியளா? சவாரி கொண்டு விடும்போது ஜன்னல் வழியாப் பாத்தேன். மரம்னு சொல்ல முடியாது அண்ணாச்சி, உசுரு நிக்குது. கக்கூஸ் கதவுன்னு ஒரு மனுசன் செஞ்சதாம். பேரப் பாருங்க, கையப் பாருங்க!"

"அப்படியா?" என்றார் செல்லப்பா.

வீட்டில் கதவைக் கழற்றி, இழைப்புளி ஓட்டி, கீலை ஒரு நூல் நகர்த்தி மாட்டினார். விரல் வைத்துத் தள்ளினார், திறந்தது. விட்டார், சாத்திக்கொண்டது. ஒரு தடவை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டும் பார்த்துவிட்டு வந்தார். ராஜதுரை அதைக் கவனிக்கவில்லை. அவர் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து, மேலே பார்க்காமல் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். கிடாவின் நெற்றியில் வெள்ளிக்கிழமைப் பொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறித் தடித்திருந்தன. கழுத்தில் வாடிய பூச்சரம்.

செல்லப்பா நின்று பார்த்தார். வலது காது நுனி கொஞ்சம் தடிப்பு. அந்த வாரத்து ஆடு அசையாமல் நிற்கவில்லை. பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார்.

"என்ன வே செய்யப் போறீரு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. காது."

ராஜதுரை டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "அந்தக் கொம்பு இருக்கா உம்மகிட்ட?"

"இருக்கு. ஈரத் துணி காயுது அதுல."

"சரி" என்றார் ராஜதுரை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, செல்லப்பா ஏறி நிற்கச் சோபாவில் இடம் விட்டார்.